இரண்டு விரல் குறைந்த வால்

பிரம்மநாயகி: அந்தக் குண்டுக்கு என் பேரு வேணும், அத்தான்.

காந்திமதியம்மாள்: ஏட்டி!

பிரம்மநாயகி: வரைபடத்துல, ரிஜிஸ்தர்ல... எங்கெங்க சங்கரராமன்னு எழுதியிருக்கோ, அங்கெல்லாம் பிரம்மநாயகின்னு எழுதணும்.

காந்திமதியம்மாள்: ரயிலை விட்டு இறங்கி மனுசன் இன்னும் கால்கூடக் கழுவலை. விடிஞ்சதுல இருந்து சொல்லுதேன், வேற எது வேணும்னாலும் கேளு, அதை மட்டும் வாயில எடுக்காதேன்னு. மாப்பிள்ளை, நீங்க இதைக் காதுல போட்டுக்காதீய.

சங்கரராமன்: இருக்கட்டும் அத்தை. வந்ததும் சண்டை போடலைன்னா, வேற வீட்டுக்குள்ள நுழைஞ்சிட்டேனோன்னு பயந்துருவேன்.

பிரம்மநாயகி: சண்டை இல்லை. கேக்கேன்.

காந்திமதியம்மாள்: தையில கல்யாணம். மத்த பொண்ணுக அட்டிகை கேக்கும், பட்டு கேக்கும். எம் பொண்ணு குண்டு கேக்கா!

பிரம்மநாயகி: குண்டு வேண்டாம். பேரு.

காந்திமதியம்மாள்: தாலி ஏறினப்பொறம் அவுக பேரு என்ன, உன் பேரு என்ன? ரெண்டும் ஒண்ணுதானட்டி?

பிரம்மநாயகி: ஒண்ணுன்னா என் பேரையே போட்டிருக்கலாமே.

சங்கரராமன்: இவளை பி.எஸ்ஸி. படிக்க வச்ச மாமாவைச் சொல்லணும்.

பிரம்மநாயகி: உங்க வீடு, எங்க வீடு, ரெண்டுக்கும் சேத்து இருக்கது ஒரே ஒரு பட்டம். அதையும் இரவல் வாங்கிட்டுப் போயி, திருப்பித் தராம இருக்கீய.

காந்திமதியம்மாள்: வாயை மூடு. முறுக்கு எடுங்க மாப்பிள்ளை. ஆமா, பெட்ரோல் இல்லாம கரியில ஓடுதே நம்ம ஊர் பஸ்ஸு, அதுக்கு ஃபிட்டரா இருந்தானே முகம்மது ஹுசைன்... உங்க விமானப் பட்டறைக்குக் கூட்டிட்டுப் போனீயளே... அவன் சௌக்கியமா?

சங்கரராமன்: ஹுசைனா? சௌக்கியந்தான். வேலை ஜாஸ்தி.

காந்திமதியம்மாள்: அவன் பெஞ்சாதி அலிமா பீவியைப் போன வாரம் பாத்தேன். மூஞ்சி சுண்டிப்போய் நடந்து போறா. கடுதாசி வரலை போல.

சங்கரராமன்: யுத்தம் நடக்குதுல்லா அத்தை. எங்க பட்டறையில இருந்து ஒரு கடுதாசி வெளிய போகணும்னா நாலு பேர் படிச்சுப் பாத்துத்தான் விடுவாங்க.

பிரம்மநாயகி: அப்போ, சௌக்கியந்தான்னு சொல்லுதீய.

சங்கரராமன்: ஆமா. ஏன்?

பிரம்மநாயகி: ஒண்ணுமில்லை. அந்த அக்காகிட்டச் சொல்லிருவோமேன்னுதான்.

காந்திமதியம்மாள்: வாசல்ல யாரு வண்டிட்டி அது? கூண்டுக்குத் திரையெல்லாம் போட்டு...

சங்கரராமன்: எனக்குத் திரும்பிப் போக வண்டிகூடச் சொல்லி வச்சாச்சா?

பிரம்மநாயகி: மாட்டுக்கு நிழல் பாத்து நிறுத்தியிருப்பாங்க. பேச்சை மாத்தாதீய. என் பேரு... உண்டா, இல்லையா?

சங்கரராமன்: உண்டு.

காந்திமதியம்மாள்: என்னது?

சங்கரராமன்: போட்டிருவோம்னேன், அத்தை. கேக்குதது நியாயந்தானே?

காந்திமதியம்மாள்: பாத்தியாட்டி! தங்கம்லா! நானும் பயந்து செத்தேன்...

பிரம்மநாயகி: இரும்மா. ரெண்டு வருசமா எழுதி எழுதிக் கேட்டேன். ஒரு கடுதாசிக்கு இதுக்குப் பதில் இல்லை. போன தீபாவளிக்கு நேருக்கு நேர் கேட்டேன். என்ன சொன்னீய?

சங்கரராமன்: அதெல்லாம் எதுக்கு இப்போ...

பிரம்மநாயகி: “பொம்பளை போட்ட கணக்குன்னு தெரிஞ்சா, எங்க தொரை அந்தக் காகிதத்தை மடிச்சு மேசைக்காலுக்கு முட்டுக் குடுப்பான்”னு சொன்னீய.

சங்கரராமன்: அது அப்போ.

பிரம்மநாயகி: இப்போ மேசை ஆடலையோ?

சங்கரராமன்: ஒத்துக்கிட்டாலும் குத்தமா? இந்தா, அந்தப் பேனாவை எடு. இதுல ஒரு கையெழுத்துப் போடு. மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்.

பிரம்மநாயகி: தாள் கையோட வந்திருக்கே.

சங்கரராமன்: உனக்குச் சந்தோசமா இருக்கட்டும்னு டைப் அடிச்சே கொண்டு வந்தேன். நீ என்னடான்னா வாசல்லயே மறிக்கே.

பிரம்மநாயகி: காத்துல பறக்குது. மாடத்துல ஒரு மரத்துண்டு கெடக்கும், எடுத்து மேல வையுங்க.

சங்கரராமன்: இதுவா? சரி... ம். படி.

காந்திமதியம்மாள்: எனக்கும் தமிழ்ல சொல்லுட்டி.

பிரம்மநாயகி: “இந்தச் சிறகுக் குண்டின் எல்லா அளவுகளும் என்னால் கணக்கிட்டுத் தரப்பட்டவை. சங்கரராமன் என்பவர் அவற்றை வரைந்தவர் மட்டுமே.” அடேயப்பா! “மட்டுமே”யா?

சங்கரராமன்: நீ கேட்டதைவிடக் கூடவே குடுத்திருக்கேன்.

பிரம்மநாயகி: கீழ தேதி போட்டிருக்கு. நாப்பத்திரெண்டு அக்டோபர்.

சங்கரராமன்: நீ கணக்குப் போட்டது அப்போதானே?

பிரம்மநாயகி: கணக்கு அப்போ போட்டேன். கையெழுத்து இப்போ, நாப்பத்திநாலு ஆவணியிலதானே கேக்கீய?

காந்திமதியம்மாள்: தேதியில என்னட்டி வந்துச்சு! போடேன்!

பிரம்மநாயகி: அம்மா, நீ செத்த சும்மா இரு. குண்டைப் போட்டுப் பாத்தாச்சா, அத்தான்?

சங்கரராமன்: அதெல்லாம் ரகசியம், நாயகி. நான் எந்த ஊர்ல வேலை பாக்கேன்னே சொல்லக்கூடாது.

காந்திமதியம்மாள்: அது என்ன ரகசியம்? உங்க கடுதாசி மேல தபாலாபீஸ் முத்திரையில ஊர் பேரு போட்டிருக்கே. எதுத்த வீட்டுப் பேச்சித்தாய்க்குக்கூடத் தெரியும்.

சங்கரராமன்: ...அத்தை, அதை வெளிய சொல்லாதீங்க.

பிரம்மநாயகி: போட்டுப் பாத்தாச்சா?

சங்கரராமன்: பாத்தாச்சு.

பிரம்மநாயகி: எப்போ?

சங்கரராமன்: ஆடியில.

பிரம்மநாயகி: எப்படிப் போச்சு?

சங்கரராமன்: போச்சு.

பிரம்மநாயகி: “போச்சு”ன்னா? நேராப் போச்சா? எத்தனை அடி உசரத்துல விட்டீய, எவ்வளவு தூரம் தள்ளி விழுந்துச்சு? நான் சொன்னது ஒண்ணுக்கு அஞ்சு. அஞ்சு வந்துச்சா?

காந்திமதியம்மாள்: எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கவே இல்லை. குண்டுன்னா மேல இருந்து போட்டாக் கீழ விழும். தேங்காயைப் போட்டாலும் விழும். அதுல என்ன ஒண்ணு, அஞ்சு?

பிரம்மநாயகி: தேங்காய் மாதிரி விழுந்தா, கப்பலுக்கு நேர் மேல போய்த்தான் போடணும். கப்பல்ல இருக்கவன் சும்மா பாத்துக்கிட்டு இருப்பானா? பீரங்கியால சுட்டுத் தள்ளுவான். அதான் குண்டுக்கு ரெண்டு சிறகு வச்சு, பின்னால ஒரு வால் வச்சேன். ஆயிரம் அடி உசரத்துல விட்டா, அது பருந்து மாதிரி மிதந்து அஞ்சாயிரம் அடி தள்ளிப் போய் விழும். விமானம் கிட்டவே போக வேண்டாம். ஓட்டுதவன் உயிரோட திரும்பி வருவான்.

காந்திமதியம்மாள்: ஓகோ... அதுக்குத்தான் கழுகுமலைக்கு நேர்த்திக்கடன்னு சொல்லி உங்கப்பாவையும் மூக்காண்டி ஆசாரியையும் இழுத்துக்கிட்டுப் போனியோ?

பிரம்மநாயகி: சாமியும் கும்பிட்டோம். அப்பொறம் பாறை மேல ஏறி மாதிரிக் குண்டை விட்டோம்.

காந்திமதியம்மாள்: எனக்கு விபூதிதான் வந்துச்சு. குண்டைப் பத்தி ஒருத்தர் மூச்சு விடலை.

சங்கரராமன்: நானும் இருந்தேன் அத்தை. அருமையாப் பறந்துச்சு. அதைப் பாத்துத்தானே நான் கொண்டு போனேன்.

பிரம்மநாயகி: நிசக் குண்டு எப்படிப் பறந்துச்சுன்னு கேக்கேன்.

சங்கரராமன்: நாயகி... முதல்ல கையெழுத்தைப் போடு. அப்பொறம் எல்லாம் சொல்லுதேன்.

பிரம்மநாயகி: முதல்ல சொல்லுங்க.

சங்கரராமன்: பேரு வேணும்னு நீதானே கேட்ட? குடுத்தா வாங்கத் தெரியலையே உனக்கு!

பிரம்மநாயகி: ஒரு கேள்வி. பெரிய குண்டுல, சிறகுக்கும் வாலுக்கும் நடுவுல நீளம் எவ்வளவு போட்டீய?

சங்கரராமன்: எவ்வளவுன்னா... ஒம்பதடி சொச்சம்.

பிரம்மநாயகி: சொச்சம்னு ஒரு அளவு இருக்கா?

சங்கரராமன்: ஒம்பது அடி... பதினொண்ணரை அங்குலம்னு ஞாபகம். ஏறக்குறைய.

பிரம்மநாயகி: நூத்துப் பத்தொம்பதரை அங்குலமா?

சங்கரராமன்: அப்படித்தான் வரும். மாதிரிக்கு மூணு மடங்கு.

பிரம்மநாயகி: மாதிரிக்கு! என் நோட்டுக்கு மூணு மடங்கு போட்டிருந்தா, கிட்டத்தட்ட நூத்து இருபத்தெட்டு வரும்.

சங்கரராமன்: என்ன சொல்லுத?

பிரம்மநாயகி: எட்டு அங்குலத்துக்கு மேல குறையுது, அத்தான்.

சங்கரராமன்: அது எப்படி... நான் டேப் வச்சு அளந்தேன். மூணு தடவை அளந்தேன்!

பிரம்மநாயகி: மாதிரியை அளந்தீய.

சங்கரராமன்: மாதிரி, நீ சொல்லி ஆசாரி செஞ்சதுதானே?

பிரம்மநாயகி: ஆசாரி கோல்ல ஒரு விரலுக்கு ஒண்ணேகாலே அரைக்கால் அங்குலம். நான் முப்பத்தோரு விரல்னு சொன்னேன். ஆசாரி இருபத்தொம்பதுல வெட்டினாரு.

சங்கரராமன்: வெட்டினானா? எதுக்கு?

பிரம்மநாயகி: ஆயாதி பாத்தாரு.

சங்கரராமன்: என்னத்தைப் பாத்தான்?

காந்திமதியம்மாள்: ஆயாதி மாப்பிள்ளை. வரவு செலவுப் பொருத்தம். மூக்காண்டி ஆசாரி பாக்காம இருப்பாரா? சாமி பல்லக்குச் செய்யுத கை. அடுக்களைப் பலகைக்குக்கூடப் பாத்துத்தான் வெட்டுவாரு.

பிரம்மநாயகி: நீளத்தை எட்டால பெருக்கிப் பன்னண்டால வகுத்தா மிச்சம் நிக்கது வரவு. ஒம்பதால பெருக்கிப் பத்தால வகுத்தா மிச்சம் நிக்கது செலவு. முப்பத்தொண்ணுக்கு வரவு எட்டு, செலவு ஒம்பது. ஆகாது. முப்பதுக்கு மிச்சமே நிக்கலை. அதுவும் ஆகாது. மரம் இனிமே வளராது, குறைக்கத்தான் முடியும். இருபத்தொம்பதுக்கு வரவு நாலு, செலவு ஒண்ணு. ரெண்டு விரலை வெட்டிட்டாரு.

சங்கரராமன்: குண்டுக்கு... குண்டுக்கு ஆயாதி பாத்தானா அந்த ஆளு!

பிரம்மநாயகி: அவருக்கு அது குண்டுன்னா தெரியும்? செலவு கூடுத சாமான் தன் கையில இருந்து வெளிய போகக்கூடாது. அது அவரு வழக்கம். வெட்டினதை மறைக்கவும் இல்லை. அன்னைக்கே என்கிட்டச் சொல்லிட்டாரு.

சங்கரராமன்: அப்போ அவன் மேலதான் தப்பு! இதைச் சொன்னாலே போதுமே... நாட்டுத் தச்சன், படிப்பறிவு இல்லாதவன்...

பிரம்மநாயகி: எதுக்குத் தப்பு?

சங்கரராமன்: அதை விடு. கையெழுத்தைப் போடு.

பிரம்மநாயகி: எதுக்குத் தப்புன்னு கேக்கேன். அருமையாப் போச்சுன்னா எதுக்கு ஒருத்தர் மேல தப்பு தேடுதீய?

காந்திமதியம்மாள்: என்ன மாப்பிள்ளை... மூஞ்சியெல்லாம் வேர்க்குது?

சங்கரராமன்: தண்ணி குடுங்க, அத்தை.

பிரம்மநாயகி: ஆடியில என்ன நடந்துச்சு?

சங்கரராமன்: விமானத்துல இருந்து கழண்டுச்சு. ஒரு நிமிசம் நல்லாத்தான் போச்சு. நாங்க கீழ நின்னு கைகூடத் தட்டினோம். அப்பொறம் மூக்கைத் தூக்குச்சு... தூக்கிக்கிட்டே போச்சு... அப்படியே வட்டம் அடிச்சு மேல ஏறி...

பிரம்மநாயகி: மேல ஏறி?

சங்கரராமன்: திரும்பி வந்து விமானத்தோட எறக்கையில அடிச்சிருச்சு.

காந்திமதியம்மாள்: ஐயோ, தாயே! கோமதி அம்மனே!

பிரம்மநாயகி: உள்ள எத்தனை பேரு?

சங்கரராமன்: ரெண்டு பேரு.

காந்திமதியம்மாள்: ரெண்டு பேருமா?

சங்கரராமன்: ஆமா அத்தை.

காந்திமதியம்மாள்: ஏட்டி, கையெழுத்துப் போடாதே. போடாதே. எந்தக் காகிதத்துலயும் உன் பேரு வரவேண்டாம்.

பிரம்மநாயகி: இப்போ வேண்டாமாக்கும்? இம்புட்டு நேரமும் “போடேன், போடேன்”னு நீதானேம்மா சொன்ன?

காந்திமதியம்மாள்: எனக்கென்னட்டி தெரியும்! தங்கம்னு நெனச்சேன்!

சங்கரராமன்: அத்தை, நான் சொல்லுததைக் கேளுங்க. விசாரணை வச்சிருக்காங்க. வரைஞ்சவன் நான், என்னை உலுக்கி எடுக்காங்க. இவ கையெழுத்து இருந்தா... பொம்பளைப் பிள்ளை, இப்போதான் காலேஜ் முடிச்சவ, அனுபவம் இல்லைன்னு எழுதி ஃபைலை மூடிருவாங்க. இவளை யாரு என்ன செய்யப் போறா? ஒரு நாளும் ஜெயிலுக்கு அனுப்ப மாட்டாங்க. என்னைன்னா வேலை போகும். அதுக்கு மேலயும் போகும்.

பிரம்மநாயகி: கணக்குச் சரியா இருந்தப்போ நான் பொம்பளை, பேரு கூடாது. தப்பாப் போனப்போவும் நான் பொம்பளைதான், பேரு வேணும். நல்லாருக்கு.

சங்கரராமன்: குத்திக் காட்டுத நேரமா இது?

பிரம்மநாயகி: வேற எப்போ காட்டட்டும்? நோட்டை ஏன் எடுத்துட்டுப் போகலை?

சங்கரராமன்: பாரம்னு...

பிரம்மநாயகி: அஞ்சடி மரக்குண்டை மெத்தைக்குள்ள சுருட்டி ரயில்ல கொண்டு போனீய. எம்பது பக்க நோட்டு பாரமா?

சங்கரராமன்: உன் கையெழுத்து, நாயகி. பாத்ததும் பொம்பளைக் கையெழுத்துன்னு தெரிஞ்சிரும்.

பிரம்மநாயகி: உக்காந்து உங்க கையால எழுதிக்கிட்டுப் போயிருக்கலாம்லா? மூணு நாள் இங்கனதானே இருந்தீய?

சங்கரராமன்: எழுதிப் பாத்தேன்.

பிரம்மநாயகி: பாத்து?

சங்கரராமன்: புரியலை.

பிரம்மநாயகி: என்ன?

சங்கரராமன்: புரியலைன்னு சொல்லுதேன்! பதினாறாம் பக்கத்துக்கு மேல ஒண்ணுமே புரியலை. நான் வெறும் ட்ராஃப்ட்ஸ்மேன். கோடு போடத்தான் தெரியும். போதுமா? அத்தை முன்னால சொல்ல வச்சிட்டியே... இப்போ திருப்திதானா?

பிரம்மநாயகி: என்கிட்டக் கேட்டிருக்கலாமே. ஒரு பொழுதுல சொல்லியிருப்பேனே.

சங்கரராமன்: கட்டிக்கிடப் போற பொண்ணுகிட்ட எந்த ஆம்பளை போய்ப் பாடம் கேப்பான்?

பிரம்மநாயகி: கேட்டிருந்தா ரெண்டு பேரு உயிரோட இருந்திருப்பாங்க.

காந்திமதியம்மாள்: விடுட்டி... அவுக நிலைமையைப் பாரு.

சங்கரராமன்: சரி, வாலு குட்டைன்னா கழுகுமலையில மட்டும் எப்படி நல்லாப் பறந்துச்சு? சொல்லு. உன் கண்ணு முன்னாலதானே பறந்துச்சு?

பிரம்மநாயகி: அதுக்கும் பதில் இருக்கு. அது என் தப்பு.

சங்கரராமன்: என்ன தப்பு?

பிரம்மநாயகி: முதல்ல விட்டப்போ மூக்கைத் தூக்கிப் புரண்டுச்சு. நீங்க அப்போ அடிவாரத்துல அப்பாகூட இருந்தீய, பாக்கலை. வாலுங்கது கிணத்துத் துலாக்கட்டை மாதிரி, அம்மா. கட்டை குட்டையானா இழுப்பு பத்தாது. ஆசாரி பாத்தாரு. “தாயீ, தலை லேசா இருக்கு”ன்னு சொல்லி மூக்கைக் குடைஞ்சு, உள்ள ஈயத்தைக் காய்ச்சி ஊத்தி, மேல மரச்சக்கை வச்சு மூடிட்டாரு. ரெண்டாந்தடவை அம்பு மாதிரிப் போச்சு.

சங்கரராமன்: ஈயமா? மூக்குக்குள்ளயா? எனக்கு... எனக்குத் தெரியாதே! டேப்புக்கு அது எப்படித் தெரியும்!

பிரம்மநாயகி: தெரியாது. நிறுத்துப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். நான் அங்கனயே நின்னேன். சிரிச்சேன். பறந்துச்சுல்லா, அது போதும்னு இருந்துட்டேன். நோட்டுல ஈயத்தைப் பத்தி ஒரு வரி எழுதலை.

சங்கரராமன்: பாத்தியா? அப்போ உனக்கும் பங்கு இருக்கு! இதைத்தானே நானும் சொல்லுதேன். போடு கையெழுத்து.

பிரம்மநாயகி: என் பங்கை நான் எழுதுவேன். உங்க தாள்ல இருக்கது என் பங்கு இல்லை. “எல்லா அளவும்”னு இருக்கு. ஒம்பது அடி பதினொண்ணரை அங்குலம் நான் குடுத்த அளவா?

சங்கரராமன்: ஒரு அளவு முன்னபின்ன இருந்தா என்ன! நாளைக்குப் புருசன் பொஞ்சாதி ஆகப் போறோம்!

பிரம்மநாயகி: இந்தத் தாள் மேல நீங்களே தூக்கி வச்சீயளே ஒரு மரத்துண்டு, அது என்னன்னு தெரியுதா?

சங்கரராமன்: ஏதோ சக்கை.

பிரம்மநாயகி: அளந்து பாருங்க. உங்களுக்கு அளக்கத்தான் நல்லா வருமே.

சங்கரராமன்: ...ரெண்டு விரல்.

பிரம்மநாயகி: வெட்டின அன்னைக்கே ஆசாரி குடுத்தாரு. “செலவைக் கழிச்சாச்சு தாயீ, வச்சுக்கோ”ன்னாரு.

காந்திமதியம்மாள்: இதையா நான் இம்புட்டு நாளும் மாடக்கதவுக்கு முட்டுக் குடுத்து வச்சிருந்தேன்!

பிரம்மநாயகி: குடுங்க இங்கன. இப்போ கடைசியா ஒண்ணு கேக்கேன், அத்தான். யோசிச்சுச் சொல்லுங்க. இந்த விசாரணையில உங்களைத் தவிர வேற யாரையாவது பிடிச்சு வச்சிருக்காங்களா?

சங்கரராமன்: இல்லை.

பிரம்மநாயகி: யாரையுமே?

சங்கரராமன்: அதான் இல்லைன்னு சொல்லுதேன்லா? எத்தனை தடவை கேப்ப? போலீஸ்காரன் தோத்தான்!

பிரம்மநாயகி: சரி. அம்மா, என் துணிப்பை உள்ள அரங்கு வீட்டு ஆணியில தொங்குது. எடு.

காந்திமதியம்மாள்: எங்கட்டி போற? மாப்பிள்ளை வந்திருக்கப்போ...

பிரம்மநாயகி: அவுக ஊருக்குத்தான். முத்திரையில பேரு இருக்கே.

சங்கரராமன்: என்ன விளையாட்டு இது? அங்கன பொம்பளையை வாசல்லயே நிறுத்திருவான்.

பிரம்மநாயகி: நிறுத்தட்டும். வாசல்ல நின்னு பேச எனக்கு வரும்.

சங்கரராமன்: அத்தை, சொல்லுங்க இவகிட்ட! மாமாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?

பிரம்மநாயகி: அப்பாதான் தேவஸ்தான ஆபீசுல உக்காந்து, ஈயம் உட்பட முழு நோட்டையும் அவரு கையால பிரதி எடுத்தாரு. விசாரணை அதிகாரிக்கு ரிஜிஸ்தர் தபால் போயிருச்சு.

காந்திமதியம்மாள்: இந்த மனுசன் அன்னைக்கு விபூதி கொண்டு வந்தாரு, இன்னைக்கு இது! நான் ஒருத்தி இந்த வீட்டுல எதுக்கு இருக்கேன்?

சங்கரராமன்: என்னைத் தூக்குல போடப் பாக்கியா, நாயகி? நான் உனக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?

பிரம்மநாயகி: எனக்குச் செஞ்சதைப் பத்தி அதுல ஒரு வரி இல்லை. வாலு எங்க குறைஞ்சுது, ஏன் குறைஞ்சுது, ஈயத்தை யாரு பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தா... அவ்வளவுதான் இருக்கு. கீழ என் கையெழுத்து. இந்த வருசத்துத் தேதி.

சங்கரராமன்: தபால்தான் போயாச்சுல்லா! அப்பொறம் நீ எதுக்குப் போகணும்?

பிரம்மநாயகி: பதினாறாம் பக்கத்துக்கு மேல அங்கனயும் ஒருத்தருக்கும் புரியாது. சொல்லிக் குடுக்க ஆள் வேணும்லா?

காந்திமதியம்மாள்: தனியாவாட்டி போற? அவ்வளவு தூரம்... அந்த வண்டி... வாசல்ல நிக்க வண்டி...

பிரம்மநாயகி: தனியா இல்லை. முன்னால மூக்காண்டி ஆசாரி உக்காந்திருக்காரு. திரைக்குள்ள அலிமா பீவி அக்கா இருக்கா.

காந்திமதியம்மாள்: அவ எதுக்கு?

பிரம்மநாயகி: மாப்பிள்ளைகிட்டக் கேளு. சௌக்கியமா இருக்கான்னு சொன்னாரே, அவரையே கேளு.

சங்கரராமன்: நாயகி...

பிரம்மநாயகி: முகம்மது ஹுசைன் முப்பத்தாறு நாளா காவல்ல கெடக்கான், அம்மா. வாலை வேணும்னே குட்டையா மாட்டிச் சதி பண்ணினான்னு. மாட்டுததுக்கு முந்தியே “சார், வாலு குட்டையா இருக்குத மாதிரி தெரியுது, ஒரு தடவை சரி பாருங்க”ன்னு இவருகிட்டச் சொல்லியிருக்கான். விசாரணையில அதைச் சொன்னதும், அப்போ உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குன்னு சொல்லி அவனையே பிடிச்சுட்டாங்க. “அப்படி எதுவும் என்கிட்டச் சொல்லலை”ன்னு இவரு எழுதிக் குடுத்திருக்காரு. பட்டறையில இருந்து லீவுல வந்த ஆள் கையில ஹுசைன் சீட்டு குடுத்து விட்டான். போன வாரம் அக்கா அதை எடுத்துக்கிட்டு என்கிட்டத்தான் வந்தா.

காந்திமதியம்மாள்: நம்ம ஊர்க்காரன்... நம்பிக் கூட வந்தவன்... மாப்பிள்ளை, இது நெசமா?

சங்கரராமன்: எல்லாம்... எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டா இம்புட்டு நேரமும் என்னை உக்கார வச்சுப் பேசினே? அப்போ எதுக்கு வந்ததும் வராததுமா பேரு வேணும்னு கேட்ட?

பிரம்மநாயகி: “மாட்டேன், அது என் குண்டு, பழியும் என்னோடதுதான்”னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுவீயளான்னு பாத்தேன். தபால் திங்கக்கிழமையே போயிருச்சு, அத்தான். கல்யாணத்தைப் பத்தின முடிவை மட்டுந்தான் நீங்க வந்து இறங்குத வரைக்கும் நிறுத்தி வச்சிருந்தேன். இனி அதுவும் இல்லை. தள்ளி நில்லுங்க, ரயிலுக்கு நேரமாச்சு.